கார்பன் இழை விளையாட்டுக் கருவிகள்: அடக்கச் செலவும் பிறப்பிடமும்

இறகுப்பந்து மட்டையொன்று கடையில் 500 ரூபாய்க்கும் கிடைக்கிறது. 15,000 ரூபாய்க்கும் கிடைக்கிறது. முன்னது எஃகினாலோ அலுமினியத்தினாலோ ஆனது. பின்னது கார்பன் இழையால் ஆனது. இரண்டிற்கும் எடையில் உள்ள வேறுபாடு சில கிராம்களே. ஆனால் போட்டிகளில் முன்னேற விரும்பும் இளைஞர் எவரும் முதல்வகை மட்டையைக் கொண்டு நெடுந்தொலைவு செல்ல இயலாது. மிதிவண்டிப் பந்தயம், வில்வித்தை, வளைகோல் பந்தாட்டம், படகோட்டம் ஆகியவற்றிலும் இதுவே நிலைமை. திறமையுள்ள ஏழைச் சிறுவனின் வழியில் கருவியின் விலை ஒரு தடையாக நிற்கிறது. அவ்விலை எவ்வாறு உருவாகிறது, அக்கருவி உண்மையில் எந்த நாட்டில் பிறக்கிறது, அதன் ஆதாயம் எவருக்குச் சேர்கிறது என்னும் மூன்று கேள்விகளும் பொருளாதார வளர்ச்சியைப் பற்றிச் சிந்திப்பவர்களுக்குப் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. இவ்வுரை அம்மூன்றையும் ஆராய முற்படுகிறது.

இழை பிறந்த கதை

கரியாக்கப்பட்ட இழை புதிய பொருளன்று. 1879-ம் ஆண்டையொட்டி மின்விளக்கு உருவான காலத்தில் இங்கிலாந்தில் ஜோசப் ஸ்வானும் அமெரிக்காவில் எடிசனும் பருத்தி நூலையும் மூங்கில் நாரையும் கரியாக்கி விளக்கின் இழையாகப் பயன்படுத்தினர். அந்த இழைக்கு வலிமை கிடையாது. வலிமை மிக்க கார்பன் இழையின் வரலாறு 1950-களின் பிற்பகுதியில்தான் தொடங்குகிறது. 1958-ம் ஆண்டில் அமெரிக்காவில் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ரோஜர் பேக்கன் என்ற இயற்பியலாளர் மிக உறுதியான கிராஃபைட் நுண்ணிழைகளைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டுவாக்கில் ஜப்பானின் ஒசாகா நகர அரசுத் தொழில் ஆராய்ச்சி நிலையத்தில் அகியோ ஷிண்டோ என்ற அறிஞர், ஆடைத் தொழிலில் வழங்கிய அக்ரிலிக் இழையைச் சூடாக்கிக் கார்பன் இழையாக மாற்றும் வழியைக் கண்டார். 1960-களின் நடுவில் இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ அரசு விமான ஆராய்ச்சி நிலையத்தில் வில்லியம் வாட் என்பவரும் அவருடைய குழுவினரும் இழையை இழுத்துப் பிடித்தவாறு சூடாக்கி, அதன் வலிமையைப் பன்மடங்கு உயர்த்தினர்.

கண்டுபிடிப்புகள் மூன்று நாடுகளில் நிகழ்ந்தபோதிலும், அவற்றைத் தொழிலாக மாற்றுவதில் வெற்றி கண்டது ஜப்பானே என்பது கவனிக்கத்தக்கது. இங்கிலாந்தின் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் ஆர்.பி.211 என்னும் புதிய விமான எஞ்சினின் விசிறி இதழ்களைக் கார்பன் இழையால் செய்ய முனைந்தது. பறவை மோதும் சோதனையில் அவ்விதழ்கள் நொறுங்கின. டைட்டேனிய உலோகத்திற்குத் திரும்ப வேண்டியதாயிற்று. எஞ்சினின் வளர்ச்சிச் செலவு கட்டுக்கடங்காமல் போய், 1971-ம் ஆண்டு பிப்ரவரியில் அந்நிறுவனம் நொடித்து, அரசு அதனை ஏற்கும் நிலை ஏற்பட்டது. புதிய பொருளொன்றை முதன்முதலாக மிகக் கடினமான பணியிலேயே ஈடுபடுத்துவதில் உள்ள இடருக்கு இது சிறந்த சான்றாகும்.

ஜப்பானின் டோரே நிறுவனம் வேறு பாதையை மேற்கொண்டது. 1926-ம் ஆண்டில் ரேயான் ஆலையாகத் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், ஷிண்டோவின் காப்புரிமையைப் பெற்று 1971-ம் ஆண்டில் கார்பன் இழையை வணிக அளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. விமானத் தொழில் புதிய பொருளைச் சோதித்து ஏற்றுக்கொள்ளப் பல்லாண்டுகள் பிடிக்கும். அதுவரை ஆலை இயங்க வேண்டுமே! அதற்கு விடையாக அமைந்தவை தூண்டில் கோலும் கோல்ஃப் மட்டையும் ஆகும். ஜப்பானில் ஆற்றுமீன் பிடிப்போர் மிக நீண்ட தூண்டில் கோல்களைப் பயன்படுத்துவர். அவற்றின் எடை குறைவது பெரிய வசதி. 1972-ம் ஆண்டில் கே புரூவர் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் ஜப்பானில் நடைபெற்ற போட்டியொன்றில் கார்பன் தண்டு பொருத்திய கோல்ஃப் மட்டையைக் கொண்டு வெற்றி பெற்றார். அதன்பின் கறுப்புத் தண்டுக்குத் தேவை பெருகியது. 1970-களின் நடுவில் டென்னிஸ் மட்டைகள் இவ்வரிசையில் சேர்ந்தன. 1980-களின் இறுதிக்குள் மரமட்டைகள் முக்கியப் போட்டிகளிலிருந்து அறவே மறைந்துவிட்டன.

இழைத் தொழிலின் இளமைப் பருவத்தில் அதனைத் தாங்கி நின்றது விளையாட்டுக் கருவித் தொழிலே. விமானத் தொழில் வந்து சேர்ந்தது பின்னரே. 2011-ம் ஆண்டில் பணிக்கு வந்த போயிங் 787 விமானத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கலவைப் பொருள்களால் ஆனது. எளிய பண்டத்தில் பழகி, அரிய பண்டத்திற்கு உயர்ந்த இவ்வளர்ச்சி முறை தொழில் திட்டமிடுவோர் மனத்தில் கொள்ள வேண்டிய பாடமாகும்.

இழையின் அடக்கச் செலவு

இன்று உலகில் உற்பத்தியாகும் கார்பன் இழையின் மிகப்பெரும் பகுதி அக்ரிலிக் இழையிலிருந்தே செய்யப்படுகிறது. பெட்ரோலிய சுத்திகரிப்பில் கிடைக்கும் புரோப்பிலீனும் அம்மோனியாவும் சேர்ந்து அக்ரிலோநைட்ரைல் உருவாகிறது. அதிலிருந்து நூற்கப்படும் வெண்ணிற இழையே மூலப்பொருள். இது முதலில் 200 முதல் 300 டிகிரி செல்ஷியஸ் வரையிலான வெப்பத்தில் காற்றோட்டத்தில் நிலைப்படுத்தப்படுகிறது. பின்னர் காற்று நீக்கப்பட்ட உலையில், நைட்ரஜன் சூழலில், 1,000 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் கரியாக்கப்படுகிறது. விறைப்பு மிகுந்த உயர்வகை இழை வேண்டுமெனில் 2,000 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பம் தேவை. இவ்வாறு கிடைக்கும் இழையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்து முதல் ஏழு பங்கே. இத்தகைய இழைகள் 3,000 முதல் 12,000 வரை ஒன்றுசேர்ந்த கற்றைகளாகச் சுற்றப்பட்டு விற்பனைக்கு வருகின்றன.

வெப்பமூட்டும்போது கார்பன் தவிர்த்த பிற பொருள்கள் ஆவியாகி வெளியேறிவிடுகின்றன. எனவே இரண்டு கிலோ அக்ரிலிக் இழையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ கார்பன் இழையே கிடைக்கிறது. அடக்கச் செலவில் சுமார் பாதி இம்மூலப்பொருளுக்கே போய்விடுகிறது. எஞ்சிய பாதியில் உலைகளின் தேய்மானம், மின்சாரம், எரிவாயு, நைட்ரஜன், நச்சுவாயுக்களை எரித்து அகற்றும் ஏற்பாடு ஆகியவை முக்கியமானவை. கூலியின் பங்கு சிறிது. இது மூலதனம் மிகுதியாகவும் ஆட்கள் குறைவாகவும் தேவைப்படும் தொழில் என்பது இதனால் விளங்கும். உலையை நிறுத்தி நிறுத்தி இயக்கினால் இழையின் தரம் கெடும், செலவும் உயரும். ஆகையால் ஆண்டுக்குச் சில நூறு டன் மட்டுமே செய்யும் ஆலை, பல்லாயிரம் டன் செய்யும் ஆலையோடு விலையில் போட்டியிடுவது அரிது.

விலையின் ஏற்ற இறக்கமும் இத்தொழிலின் இயல்பாகும். 2005, 2006-ம் ஆண்டுகளில் விமானத் தொழிலின் தேவை திடீரெனப் பெருகியபோது இழைக்குப் பற்றாக்குறை ஏற்பட்டது. மிதிவண்டி, மட்டை செய்வோர் இழை கிடைக்காமல் திண்டாடினர். 2020-களில் சீனாவில் ஆலைகள் விரைவாகப் பெருகியதும் நிலைமை தலைகீழாயிற்று. சாதாரண வகை இழையின் விலை கணிசமாகச் சரிந்தது.

பண்டத்தின் அடக்கச் செலவு

இழையின் விலை உயர்வுதான் கருவியின் விலை உயர்வுக்குக் காரணம் என்று பொதுவாக நம்பப்படுகிறது. இந்நம்பிக்கை எவ்வளவு தூரம் சரியானது என்பதை எளிய கணக்கொன்றால் அறியலாம். இறகுப்பந்து மட்டையொன்றின் எடை 80 முதல் 90 கிராம். கைப்பிடி மரம், உறை முதலியவை நீங்கலாக, கலவைப் பொருளின் எடை 60 கிராம் என்று கொள்வோம். அதில் பிசின் நீக்கி இழை மட்டும் சுமார் 36 கிராம் இருக்கும். வெட்டும்போது கழியும் நான்கில் ஒரு பங்கையும் சேர்த்தால் 48 கிராம் இழை வேண்டும். சாதாரண வகை இழை கிலோ 25 டாலர் என்று வைத்துக்கொண்டால், ஒரு மட்டைக்கான இழையின் விலை 1 டாலர் 20 சென்ட்; அதாவது நூறு ரூபாயை ஒட்டிய தொகை. பிசின் ஊட்டும் செலவும் சேர்ந்து இது இருமடங்கானாலும், உயர்வகை இழை கலப்பதால் மேலும் சிறிது கூடினாலும், கடைவிலையில் அது ஒரு சிறு பகுதியே. ஒரு கிலோ எடையுள்ள மிதிவண்டிச் சட்டகத்திற்கும் இதே முறையில் கணக்கிட்டால் 800 கிராம் இழை, அதாவது 20 டாலர் மதிப்புள்ள இழை தேவைப்படும். அச்சட்டகமோ ஆயிரம் டாலருக்கும் அதற்கு மேலும் விற்கப்படுகிறது.

அப்படியானால் மீதித் தொகை எங்கே செல்கிறது? அதன் பெரும்பகுதி ஐந்து வாய்க்கால்களில் பாய்கிறது எனலாம்.

முதலாவது, மனித உழைப்பு. இழை முதலில் எபாக்சி பிசின் ஊட்டப்பட்ட மெல்லிய தாளாக மாற்றப்படுகிறது. தொழில்துறையினர் இதனைப் ‘பிரிபிரெக்’ என்பர். இது குளிர்பதனத்தில் வைத்துக் காக்கப்பட வேண்டும். குறித்த காலம் கடந்தால் பயனற்றுப்போகும். இத்தாளைக் குறிப்பிட்ட கோணங்களில் துண்டுகளாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் சுற்றுகின்றனர். மிதிவண்டிச் சட்டகமொன்றில் சில நூறு துண்டுகள் இருக்கும். ஒவ்வொரு துண்டின் இடமும் திசையும் முன்னரே வகுக்கப்பட்டவை. உள்ளே காற்றுப்பையை வைத்து, உலோக அச்சில் இட்டு, அழுத்தமும் வெப்பமும் கொடுத்துக் கெட்டிப்படுத்துகின்றனர். பிறகு தேய்த்தல், பள்ளம் நிரப்புதல், மீண்டும் தேய்த்தல், வண்ணம் பூசுதல் ஆகிய வேலைகள் தொடர்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை இன்றும் கையாலேயே நடைபெறுகின்றன. மிக நவீனமான பொருளென்று கருதப்படும் இது, செய்முறையில் தையற்கடையை ஒத்திருக்கிறது என்றால் மிகையன்று.

இரண்டாவது, அச்சுகளின் செலவு. ஒரே வகைச் சட்டகமாயினும் ஒவ்வோர் அளவிற்கும் தனி அச்சு வேண்டும். உதாரணமாக, ஓர் அச்சுக்கு 30,000 டாலர் செலவாகிறது என்று கொள்வோம். அதில் 300 சட்டகம் மட்டும் செய்தால் ஒவ்வொன்றின் மீதும் 100 டாலர் ஏறும். 3,000 செய்தால் 10 டாலர்தான் ஏறும். உற்பத்தி அளவின் முக்கியத்துவம் இதில் தெளிவாகிறது. ஆண்டுதோறும் புதிய வடிவம் வேண்டுமென்ற விற்பனை வழக்கம், அச்சு முழுமையாகப் பயன்படுமுன்னரே அதனை ஒதுக்கிவிடச் செய்கிறது. அச்செலவும் வாங்குவோர் தலையிலேயே விழுகிறது.

மூன்றாவது, கழிவு. கெட்டிப்பட்ட கலவைப் பொருளை உலோகம்போல் உருக்கி மீண்டும் வார்க்க இயலாது. பழுதான பண்டம் முழு நஷ்டம். ஒன்றுக்கு 100 ரூபாய் செலவாகும் பண்டத்தில் நூற்றுக்கு 15 பழுதானால், தேறியவை ஒவ்வொன்றின் அடக்கமும் சுமார் 118 ரூபாயாகிறது. பழுது நூற்றுக்கு மூன்றாகக் குறைந்தால் அது 103 ரூபாயே. தேர்ந்த தொழிலாளிக்குக் கூடுதல் கூலி கொடுத்தும் லாபம் காண முடிவது இதனால்தான்.

நான்காவது, வடிவமைப்பும் சோதனையும். கார்பன் கலவைப் பொருள் உலோகம்போல் வளைந்து எச்சரிப்பதில்லை; முறிவு திடீரென நேரிடும். மிதிவண்டியின் முன்கவை முறிந்தால் ஓட்டுபவரின் உயிருக்கே ஆபத்து. எனவே இலட்சக்கணக்கான முறை சுமை ஏற்றி இறக்கிப் பார்க்கும் களைப்புச் சோதனைகள் இன்றியமையாதவை. இவற்றுக்குரிய கருவிகளும் பயிற்சி பெற்றவர்களும் எளிதில் அமைவதில்லை.

ஐந்தாவது, பெயரும் விளம்பரமும் விநியோகமும். ஆட்டக்காரர்களுக்கு அளிக்கும் ஆதரவுத் தொகை, இறக்குமதியாளர் ஆதாயம், கடைக்காரர் ஆதாயம், வரிகள் ஆகியவை சேர்ந்து தொழிற்சாலை வாயிலில் இருந்த விலையைப் பல மடங்காக்கி விடுகின்றன. ஒரே தொழிற்சாலையில், ஒரே வகைத் தொழிலாளர் கையால் உருவாகி, வெவ்வேறு பெயர் தாங்கி, வெவ்வேறு விலைக்கு விற்கப்படும் பண்டங்கள் இத்துறையில் அரியன அல்ல.

பிறப்பிடம் எது?

பண்டத்தின் மீது பொறிக்கப்பட்ட நாட்டின் பெயர், அதன் பிறப்பிடத்தை முழுமையாகக் காட்டுவதில்லை. இழை ஜப்பானில் உருவாகலாம். பிசின் ஊட்டப்படுவது தைவானில் நிகழலாம். அச்சில் இட்டுச் சமைப்பது சீனாவிலோ வியட்நாமிலோ நடைபெறலாம். வண்ணப் பூச்சும் உறுப்புகளைப் பொருத்துதலும் ஐரோப்பாவில் முடியலாம். முக்கியமான உருமாற்றம் கடைசியாக எங்கு நிகழ்ந்ததோ அந்நாடே பிறப்பிடம் என்பது சுங்கச் சட்டங்களின் பொதுவான கொள்கை. ஆனால் எந்த மாற்றம் முக்கியமானது என்பதில்தான் வழக்குகள் எழுகின்றன.

இவ்வாறு உற்பத்தி நாடு விட்டு நாடு நகர்ந்த வரலாற்றில் தைவானின் பங்கு தனிச் சிறப்புடையது. அங்கு தைச்சுங் வட்டாரத்தில் மரமட்டைகள் செய்து ஏற்றுமதி செய்துவந்த பட்டறைகள் 1970-களின் பிற்பகுதியிலிருந்து கார்பன் இழைக்கு மாறின. சில ஆண்டுகளிலேயே உலகின் புகழ்பெற்ற நிறுவனங்கள் பலவற்றுக்கு டென்னிஸ் மட்டை செய்து கொடுக்கும் களமாகத் தைவான் உயர்ந்தது. அதே வட்டாரத்தில் 1972-ம் ஆண்டில் கிங் லியூ என்பவர் ஜெயன்ட் என்ற மிதிவண்டித் தொழிற்சாலையைத் தொடங்கினார். அதற்குமுன் அவர் நடத்திய விலாங்குமீன் பண்ணை புயலில் அழிந்திருந்தது. அமெரிக்காவின் ஷ்வின் நிறுவனத்திற்கு மிதிவண்டி செய்து கொடுத்துவந்த ஜெயன்ட், 1980-களின் நடுவில் அந்நிறுவனம் தன் தேவைக்குச் சீனாவை நாடியபோது பெரும் நெருக்கடிக்கு உள்ளாயிற்று. அந்நெருக்கடியே அதனைச் சொந்தப் பெயரில் விற்கவும் உயர்வகைப் பண்டத்திற்கு மாறவும் தூண்டியது. அரசின் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் துணையுடன் கார்பன் சட்டகத்தை உருவாக்கி, 1987-ம் ஆண்டில் அதனைப் பெருமளவு உற்பத்திக்குக் கொண்டுவந்தது. ஷ்வின் நிறுவனமோ 1992-ம் ஆண்டில் நொடித்துப்போயிற்று.

தைவானில் மட்டையும் சட்டகமும் செய்யும் தொழில் முதலில் வேரூன்றியது; இழை ஆலை அதன் பின்னரே, 1980-களின் நடுவில், வந்தது. நெசவாளர் பெருகிய ஊருக்கு நூற்பாலை தானே வந்து சேர்வது போன்றது இது.

கூலி உயர்ந்ததும் தைவான் நிறுவனங்கள் 1990-களில் சீனாவின் குவாங்டாங், ஃபுஜியான் மாகாணங்களுக்கு உழைப்பு மிகுந்த வேலைகளை நகர்த்தின. பின்னர் சுங்க வரிகள் உற்பத்தியின் திசையை மீண்டும் மாற்றின. ஐரோப்பியச் சமூகம் சீன மிதிவண்டிகள் மீது 1993-ம் ஆண்டில் 30.6 சதவீதம் பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதித்தது. 2005-ம் ஆண்டில் அது 48.5 சதவீதமாக உயர்த்தப்பட்டது. வரியைத் தவிர்க்க உறுப்புகள் பிற நாடுகளுக்கு அனுப்பப்பட்டு, அங்கே பொருத்தப்பட்டு ஏற்றுமதியாயின. 2013-ம் ஆண்டில் இந்தோனேசியா, மலேசியா, இலங்கை, துனிசியா ஆகிய நாடுகளிலிருந்து வரும் மிதிவண்டிகளுக்கும் அவ்வரி நீட்டிக்கப்பட்டது. உண்மையான உற்பத்தியாளர் என்று மெய்ப்பித்த நிறுவனங்களுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. 2018-ம் ஆண்டு முதல் அமெரிக்காவும் சீனப் பொருள்கள் மீது கூடுதல் வரி விதிக்கத் தொடங்கியபின், தொழிற்சாலைகள் வியட்நாம் முதலிய நாடுகளில் பெருகின. கூலி, வரி, திறமை ஆகிய மூன்றும் எங்கு இசைந்து வருகின்றனவோ அங்கேதான் இத்தொழில் தங்குகிறது என்பது இவ்வரலாற்றின் சாரம்.

மரத்தொழிலின் நிலை

இந்தியாவின் விளையாட்டுக் கருவித் தொழில் பெரும்பாலும் ஜலந்தரையும் மீரட்டையும் சார்ந்தது. 1947-ம் ஆண்டு நாட்டுப் பிரிவினையின்போது சியால்கோட்டிலிருந்து இடம்பெயர்ந்து வந்த கைவினைஞரும் வணிகரும் இவ்விரு நகரங்களிலும் தொழிலை மீண்டும் நிறுவினர். மல்பெரி மரத்தை நீராவியில் பதப்படுத்தி வளைத்து வளைகோல் செய்வதில் அவர்கள் தன்னிகரற்றவர்கள். 1976-ம் ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தளம் வந்ததும் ஆட்டத்தின் தன்மை மாறியது. 1990-களில் கண்ணாடி இழை, கார்பன் இழை கலந்த வளைகோல்களுக்குப் பன்னாட்டு வளைகோல் பந்தாட்டச் சம்மேளனம் இசைவளித்தபின், மேல்தரப் போட்டிகளில் மர வளைகோலுக்கு இடமில்லாமல் போயிற்று. சியால்கோட் பட்டறைகள் புதிய பொருளைக் கற்றுக்கொண்டு, பல நாட்டு நிறுவனங்களுக்கு அதனைச் செய்து ஏற்றுமதி செய்கின்றன. ஜலந்தரிலும் சில நிறுவனங்கள் அம்முறையை மேற்கொண்டுள்ளன. ஆனால் மரவேலை மட்டுமே அறிந்த சிறு பட்டறைகள் பல, பயிற்சிக் கோல்கள், மலிவுச் சந்தை ஆகியவற்றோடு நின்றுவிட்டன. டென்னிஸ், இறகுப்பந்து மட்டைகளிலும் இதுவே நடந்தது.

விதியொன்று ஒரு தொழிலைக் காத்துநிற்கும் விந்தையையும் இங்குக் குறிப்பிட வேண்டும். கிரிக்கெட் மட்டையின் பரப்பு மரத்தால் மட்டுமே ஆக வேண்டும் என்பது ஆட்ட விதி. 1979-ம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையுடன் களமிறங்கியதையடுத்து இவ்விதி வகுக்கப்பட்டது. பின்னர் மட்டையின் பின்புறத்தில் கார்பன் கலந்த பட்டை ஒட்டிய மட்டைகள் வந்தபோது, மேரில்போன் கிரிக்கெட் கழகம் அதனை ஏற்கவில்லை. 2006-ம் ஆண்டில் அவை திரும்பப் பெறப்பட்டன. காஷ்மீர், மீரட், ஜலந்தர் மட்டைத் தொழிலாளரின் பிழைப்பு இன்றும் அவ்விதியின் நிழலில் நிற்கிறது. ஆட்ட விதிகளை வகுக்கும் பன்னாட்டுக் குழுக்களின் முடிவுகள் வேலைவாய்ப்பையும் பாதிப்பவை என்பதால், அக்குழுக்களில் உற்பத்தி நாடுகளின் குரல் ஒலிப்பது அவசியம்.

செய்யத்தக்கவை

கார்பன் இழையை உள்நாட்டிலேயே செய்யும் முயற்சி நம் நாட்டிற்குப் புதிதன்று. பெங்களூரிலுள்ள தேசிய விண்வெளி ஆய்வுக்கூடம் பல ஆண்டுகள் உழைத்து இத்தொழில்நுட்பத்தை உருவாக்கியது. அதன் அடிப்படையில் வதோதரா அருகே தனியார் ஆலையொன்று 2010-ம் ஆண்டில் திறக்கப்பட்டது. அந்நிறுவனம் கடன்சுமைக்கு ஆளாகி, அதன் சொத்துக்கள் 2017-ம் ஆண்டில் ரிலையன்ஸ் நிறுவனத்தின் கைக்கு மாறின. 2022-ம் ஆண்டில் அந்நிறுவனம் ஹசீராவில் ஆண்டுக்கு 20,000 டன் திறனுள்ள ஆலை அமைக்கும் திட்டத்தை அறிவித்தது. 2020-ம் ஆண்டில் 1,480 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தொடங்கப்பட்ட தேசியத் தொழில்நுட்ப ஜவுளி இயக்கத்தின் ஆராய்ச்சிப் பட்டியலிலும் கார்பன் இழை இடம்பெற்றது. ஏவுகணைகளுக்கும் விமானங்களுக்கும் இன்றியமையாத உயர்வகை இழையின் ஏற்றுமதியைப் பல நாடுகள் கட்டுப்படுத்துவதால், பாதுகாப்பு நோக்கில் இம்முயற்சிகள் மிகவும் தேவையானவையே.

ஆனால் விளையாட்டுக் கருவித் தொழிலைப் பொறுத்தவரை, உள்நாட்டு இழை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதே மேற்கண்ட கணக்கு உணர்த்தும் முடிவு. கருவியின் விலையில் இழையின் பங்கு சிறிது. சாதாரண வகை இழை உலகச் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. மதிப்புக் கூடுவது வெட்டுதல், ஒட்டுதல், அச்சில் சமைத்தல், தேய்த்தல், சோதித்தல் ஆகிய படிகளில்தான். இப்படிகளே வேலைவாய்ப்பையும் பெருக்குபவை. கைத்திறன் மிக்க ஜலந்தர், மீரட் தொழிலாளர்களுக்கு இவை கற்க இயலாதவை அல்ல. தைவானின் மரமட்டைப் பட்டறைகள் இவ்வழியிலேயே உயர்ந்தன. ஜப்பானிய யோனெக்ஸ் நிறுவனம் பெங்களூர்ப் பகுதியில் மட்டைத் தொழிற்சாலை அமைத்திருப்பதும் இத்தொழில் இங்கு நடக்கக்கூடியதே என்பதற்குச் சான்று.

இதற்கென நான்கு ஏற்பாடுகள் முதலில் தேவை. ஒன்று, தொழிற்பேட்டைகளில் பொது வசதி மையங்கள். பிசின் ஊட்டிய இழைத்தாளைச் சேமிக்கும் குளிர்கிடங்கும் கணினி வழி வெட்டும் இயந்திரமும் தனித்தனிச் சிறு பட்டறைகளால் வாங்க இயலாதவை. கூட்டாக அமைத்தால் இயலும். இழையைத் தனித்தனியே சில்லறையாக வாங்கும் பட்டறை, மொத்தமாக வாங்கும் போட்டியாளரைவிட அதிக விலை தர வேண்டியிருக்கும் என்பதையும் மறக்கலாகாது. இரண்டு, அச்சுத் தொழில். நல்ல அச்சு செய்யத் தெரிந்த நாடே புதிய வடிவத்தை விரைவில் சந்தைக்குக் கொண்டுவர முடியும். மூன்று, சோதனைக்கூடம். மீரட்டில் இயங்கும் மத்திய அரசின் விளையாட்டுப் பொருள் மேம்பாட்டு மையம் போன்ற அமைப்புகள், களைப்புச் சோதனையும் பன்னாட்டுத் தரச் சான்றும் உள்ளூரிலேயே கிடைக்க வழிசெய்தால் ஏற்றுமதிக்குப் பேருதவியாகும். நான்கு, சுங்க வரி அமைப்பு. முடிந்த மட்டைக்குள்ள வரியைவிட இழைத்தாளுக்கும் பிசினுக்கும் உள்ள வரி உயர்ந்திருந்தால் உள்நாட்டு உற்பத்தி தண்டிக்கப்படும். வரி விகிதங்களை வகுக்கும்போது இதனைக் கருத்திற்கொள்வது அவசியம்.

தொழிலாளர் நலனையும் இதில் சேர்த்தே எண்ண வேண்டும். தேய்க்கும்போது எழும் நுண்தூள் தோலையும் கண்ணையும் மூச்சுக்குழலையும் உறுத்தும். எபாக்சி பிசின் பலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும். கார்பன் தூள் மின்சாரத்தைக் கடத்துவதால் இயந்திரங்களின் மின்னமைப்பையும் கெடுக்கும். தூள் உறிஞ்சிகளும் கையுறைகளும் ஈரத் தேய்ப்பு முறையும் தொடக்கத்திலேயே அமைக்கப்பட்டால் செலவு சிறிது. நோய் வந்தபின் ஏற்படும் இழப்பு பெரிது. குடிசைகளுக்கு வெளிவேலையாக இப்பணியை அனுப்புவது எவ்வகையிலும் அனுமதிக்கத்தக்கதன்று. முறிந்த மட்டைகளும் வெட்டுக் கழிவுகளும் மட்குவதில்லை. அவற்றைத் திரட்டி, பிசினை அகற்றி, குறு இழைகளாக மீட்டெடுக்கும் முறைகள் உலகில் நடைமுறைக்கு வந்துள்ளன. தொழில் வளரும்போதே அதற்கும் இடம் ஒதுக்க வேண்டும்.

இவ்வளவும் நிறைவேறினாலும் உலகப் புகழ்பெற்ற பெயர்களோடு உடனே போட்டியிட இயலாது. அது முதல் நோக்கமாக இருக்கவும் தேவையில்லை. பள்ளிகளுக்கும் மாவட்டக் கழகங்களுக்கும் ஏற்ற, உறுதியான, நடுத்தர விலையுள்ள கார்பன் மட்டையும் வளைகோலும் வில்லும் உள்நாட்டில் கிடைத்தால் அதுவே பெரும் முன்னேற்றம். விளையாட்டு ஆணையங்களும் கல்வித் துறைகளும் தரம் சோதிக்கப்பட்ட உள்நாட்டுக் கருவிகளை ஆண்டுதோறும் உறுதியான அளவில் வாங்கினால், அச்சின் செலவு பல்லாயிரம் பண்டங்களின் மீது பரவி அடக்கவிலை குறையும். டோரே ஆலைக்குத் தூண்டில் கோல் ஆற்றிய பணியை, இங்குப் பள்ளி மைதானம் ஆற்றக்கூடும்.

இழை எந்த நாட்டிலிருந்தும் வரலாம். அதனைக் கருவியாக்கும் திறமை நாட்டிற்குள் வளர்ந்தாக வேண்டும். அவ்வாறு வளருமாயின், பதினையாயிரம் ரூபாய் மட்டையின் முன்னே தயங்கி நிற்கும் சிறுவனுக்கும், மரம் இழைத்த கைகளுக்குப் புதிய வேலை தேடும் தொழிலாளிக்கும் ஒருசேரப் பயன் விளையும்.